தண்ணீர் கம்பெனியில் வேலை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

என் போனை எடுக்க மாட்டேன் என்று நீ முடிவு செய்து நாலு மாதம் ஆகிறது. நேற்று உன் தையல் கம்பெனிக்கே போன் போட்டேன். வாட்ச்மேன் எடுத்து, "அவங்க இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கிழிக்கிற நேரத்தில் இரண்டு வரியாவது கண்ணில் படும் இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளை, என் மாப்பிள்ளை, வேலை செய்த ராணுவ முகாமில், லாரிகளுக்குத் தண்ணீர் நிரப்புகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அதற்கு அவன் பெயரை வைக்கப் போகிறார்கள். ஏப்ரல் 28 அன்று விழா. அன்றைக்கு அவன் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டுமாம். அதை வீட்டு மனிதர்கள்தான் எழுதித் தர வேண்டும் என்கிறார் அவனுடைய அதிகாரி. அதிகாரி ஒரு பெண், உன் வயது இருக்கும். என் வீட்டுக்கே வந்து, இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

நானும் எழுத உட்கார்ந்தேன். "பதினைந்து வயதில் மாமாவோடு இந்த நாட்டுக்கு வந்தான்" என்று ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டார். பேனாவை மூடி வைத்தேன். அவன் பிறந்தபோதும் பள்ளிக்கூடம் போனபோதும் நான் பிழைப்பைத் தேடி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினைந்து வருடமும் உன்னிடம்தான் இருக்கிறது அக்கா. மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். விழாவுக்கு உனக்கும் அழைப்பு வரும். டிக்கெட், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அடக்கத்துக்கு நான் வராதது பற்றி ஒரு வார்த்தை. என் குடியுரிமைக் காகிதங்கள் இன்னும் ஆபீசில்தான் கிடக்கின்றன. அவனை அழைத்துப்போக ஊருக்கு வந்தபோது இருந்த விசாவும் முடிந்துவிட்டது. இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். இது உனக்குத் தெரியும். தெரிந்திருந்தாலும் மன்னிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் அலறுவார்கள். நான் வெளியே நின்று, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பேன். பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலை. உன்னிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

உன் தம்பி

*

ஜனவரி 27

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

அன்றைக்குப் போனில் என்ன சொன்னாய்? "அக்கா, லாரி கவிழ்ந்துடுச்சு. நம்ம துரை போயிட்டான்." நான் கூப்பிடுகிற செல்லப் பெயரைக்கூட மறக்காமல் சொன்னாய். முக்கியமானதை விழுங்கிவிட்டாய்.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. தெருவே வாசலில் நின்றது. வண்டியிலிருந்து சீருடையில் எட்டுப் பேர் இறங்கினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் கையை விரித்து அவர்களை நிறுத்தினேன். "நீங்க வீடு மாறி வந்துட்டீங்க. என் பையன் தண்ணீர் கம்பெனியில டிரைவர்" என்றேன். நம் மொழி தெரிந்த ஒருவர் கூட வந்திருந்தார். பெயரைப் படித்தார், அப்பா பெயரைப் படித்தார், என் பெயரையும் படித்தார். பிறகு ஒரு போட்டோவைக் காட்டினார். தொப்பி போட்ட யாரோ ஒரு பையன். புருவத்தில் அலமாரி இடித்த தழும்பு இருந்தது. அதை வைத்துத்தான் என் பிள்ளையை நான் அடையாளம் கண்டேன்.

பெட்டி மேல் இருந்த கொடியை மடித்து என் கையில் கொடுத்தார்கள். பதினாறு வருடமாகச் சட்டைக் காலரின் மடிப்பைச் சோதிக்கிறவள் நான். இவ்வளவு நேரான மடிப்பை நம் கம்பெனியில் பார்த்ததே இல்லையே என்றுதான் அந்த நிமிடத்தில் தோன்றியது. எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

ஐந்து வருடம், தம்பி. லாரியின் முன்னால் அவன் நிற்கிற போட்டோவை அனுப்பினீர்கள். அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி தன் தம்பிக்கும் அந்தக் கம்பெனியில் ஒரு வேலை பார்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் அனுப்பி வைத்தேன். மூன்று வாரத்தில் மேனேஜரின் கடிதம் வந்தது. "தற்போது காலியிடம் இல்லை." அதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன்! இன்றைக்கு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூடப் பரவாயில்லை. தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

நான் எந்தச் சிப்பாயையும் பெறவில்லை என்று உங்கள் அதிகாரி அம்மாவிடம் சொல்லிவிடு. எனக்குத் தெரியாத ஒருவனைப் பற்றி நான் என்ன எழுதுவது? நான் வருவதாகவும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. என்னை ஏமாற்றலாம் என்று முதலில் சொன்னது யார்? நீயா, அவனா? அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த கடிதம் எழுதாதே. வழக்கம்போலச் சிரிக்க வைத்து நழுவப் பார்க்காதே.

அவன் அம்மா

*

பிப்ரவரி 8

அக்கா,

நான்தான்.

இதோடு நிறுத்தினால் நீ நம்ப மாட்டாய். நடந்ததை முழுதாகவே எழுதுகிறேன்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு மதியம் நான் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் நின்று கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, பட்டாளத்தில சேர்ந்துட்டேன். கையெழுத்து போட்டாச்சு" என்றான். ஏறி வந்து கன்னத்தில் ஒன்று விட்டேன். என் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்துவிட்டது. அதைத் துடைக்காமலே நின்றான். வாழ்க்கையில் அவனை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

நான் அவனைத் தள்ளிவிட்டேனோ என்று நீ சந்தேகப்படுவது எனக்குத் தெரியும். சத்தியமாக இல்லை. ஏண்டா என்று கேட்டேன். "நீங்க ஏழு வருஷமா ஒரு காகிதத்துக்கு வரிசையில நிக்கிறீங்க. என்னால அப்படி நிக்க முடியாது மாமா. பட்டாளத்தில இருந்தா சீக்கிரம் கிடைக்கும். கிடைச்சதும் அம்மாவைக் கூப்பிட்டுக்கலாம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அதோட, பெரிய லாரி தர்றாங்க" என்றான். இதில் எது முதல் காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த லாரியைப் பற்றிப் பேசும்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உடனே உனக்குப் போன் போட்டுச் சொல்கிறேன் என்றான். நான்தான் கையைப் பிடித்தேன். விமான நிலையத்தில் அவனை என்னிடம் ஒப்படைக்கும்போது நீ சொன்னது காதிலேயே இருந்தது. "எந்த வேலைக்கு வேணாலும் போகட்டும், பட்டாளம் மட்டும் வேண்டாம். எதிர் வீட்டு டீச்சர் மாதிரி நானும் ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது." அந்த டீச்சர் பையன் எல்லையிலிருந்து திரும்பி வராத வருடம் அது. "இப்போதைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுறேன்னு சொல்லுடா, அது ஒண்ணும் பொய்யில்லையே" என்றேன். மூன்று மாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஐந்து வருடமாகிவிட்டது.

அதன் பிறகு செய்ததெல்லாம் கூட்டுக் களவாணித்தனம். அந்தப் போட்டோவில் அவன் போட்டிருப்பது என் வேலைச் சட்டை. ராணுவ நம்பர் பிளேட் தெரியக் கூடாது என்று முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தோம். நீ அந்த வாளியைப் பார்த்து, "லாரியை அவனே கழுவுறானா, பாவம்" என்று கேட்டாய். மேனேஜர் கடிதத்தை எழுதியது நான். கையெழுத்துப் போட்டது அவன். போட்டுவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் வயிறுதான் வலிக்கிறது.

அவனுக்குக் குடியுரிமை வந்துவிட்டது அக்கா. இறந்து ஏழாவது வாரம் கொடுத்தார்கள். பெரிய முத்திரை, தங்க நிற எழுத்து. எனக்குப் பன்னிரண்டாவது வருடம் ஓடுகிறது. தபால்காரரிடம் அதை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தேன். கடைசியில் அவன் கட்டில் மேல் வைத்தேன்.

லாரி கவிழ்ந்தது என்று மட்டும் சொன்னதும் கோழைத்தனம்தான். ஒரே மூச்சில் இரண்டு இடியையும் உன் தலையில் போட எனக்குத் துணிச்சல் இல்லை. அதை அந்நியர்கள் கையில் விட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. அவன் மேல் கோபப்படாதே.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பி,

படித்தேன். அவனை அடித்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு உனக்குத் தனியாக இருக்கிறது.

அந்த வாளி போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். உன் சட்டையின் காலர் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறான். ஐந்து வருடமாக என் கண்ணில் படவே இல்லை.

எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். அங்கே அவன் யாரோடு சாப்பிட்டான்? முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கி வைப்பானே, அதை யார் தின்றார்கள்? குளிர்காலத்தில் காது வலிக்கும் என்பானே, யாராவது கவனித்தார்களா? திட்டுகிற அதிகாரியா, நல்ல மாதிரியா? கடைசி நாளில் என்ன நடந்தது? கவிழ்ந்தது என்றால் எப்படிக் கவிழ்ந்தது? லாரியை அவன் நன்றாக ஓட்டுவான் என்று நீதானே எழுதினாய்.

இதையெல்லாம் கேட்பதால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் வந்து பதினெட்டு நாள் என்னோடு இருந்தானே, அதைப் பற்றி மட்டும் நீ எதுவும் எழுதாதே. அதை நானே யோசித்துக்கொள்கிறேன்.

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

உன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கே போய்விட்டேன். கேட்டில் நின்ற பையன் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான். மஞ்சள் கருவை யார் தின்றது என்று தெரிய வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

தின்றவன் கிடைத்துவிட்டான். மாப்பிள்ளையின் லாரியில் உதவியாளாகப் போகிறவன். நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் வருகிறான். நம் பிள்ளை அவனுக்கு வைத்த பேர் ஒட்டகம். ஒட்டகத்துக்கு நம் மொழியில் நாலு வார்த்தை தெரியும், நாலும் உன்னிடம் சொல்ல முடியாத வார்த்தைகள். என்னை லாரிக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். குழாய்கள் உன் தலைக்கு மேலே வரும், அவ்வளவு உயரம். நிரப்புகிறவர்கள் தண்ணீரை வழிய விட்டால் மாப்பிள்ளை கத்துவானாம். ஒரு சொட்டு கீழே போகக் கூடாதாம். வாய்க்கொழுப்புக்குத் திட்டு வாங்கியிருக்கிறான், வேலைக்காக ஒரு தடவைகூட வாங்கியதில்லை. காதுக்கு ஒட்டகமே கம்பளிக் குல்லாய் ஒன்று கொடுத்திருக்கிறான்.

கடைசி நாள் இதுதான். மூன்று நாள் மழையில் மேட்டு முகாமுக்குப் போகிற பாதை அரித்துவிட்டது. அங்கே வெள்ளத்துக்குத் தப்பி வந்த ஜனங்கள், கைக்குழந்தைகள் உட்பட அறுநூறு பேர். குடிக்கத் தண்ணீர் இல்லை. இவர்கள் லாரி ஒரு வளைவில் நின்றது. "நீ இறங்கி முன்னாடி நட. தரை உறுதியா இருக்கான்னு பார்த்துக் கை காட்டு" என்று ஒட்டகத்தை இறக்கிவிட்டிருக்கிறான். ஒட்டகம் நடந்து பார்த்துக் கையைக் காட்டினான். மனிதனைத் தாங்கிய தரை லாரியைத் தாங்கவில்லை. அவ்வளவுதான் அக்கா. நான் கையைக் காட்டியிருக்கக் கூடாது என்று அந்த மலைபோன்ற ஆள் குழாயடியில் நின்று அழுதான். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் நானும் அழுதேன்.

இன்னொன்று சொன்னான். லீவு பற்றி எழுதாதே என்றாய், ஆனாலும் இதை மறைத்தால் பழைய தம்பியாகிவிடுவேன். அந்தப் பதினெட்டு நாளில் உன்னிடம் உண்மையைச் சொல்வதற்காகவே, பட்டாளத்தில் தனி அனுமதி வாங்கி அவன் ஊருக்கு வந்தானாம். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம், ஒட்டகத்தை அம்மாவாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறான். திரும்பி வந்ததும், "சொல்லிட்டியா?" என்று கேட்டதற்கு, "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுபோயிட்டேன், முடியல" என்றானாம். கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே.

மார்ச் கடைசி நெருங்குகிறது. நீ எழுதாவிட்டால் பாதிப் பக்கம் காலியாகவே இருக்கட்டும் என்று அதிகாரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி

*

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

அவன் தைரியம் இல்லாதவன் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். அந்த ஒட்டகத்திடமும் நீ இதைச் சொல்ல வேண்டும்.

லீவில் வந்த மூன்றாம் நாள், அவன் பையிலிருந்து அழுக்குத் துணியை எடுத்தேன். அடியில், சாக்சுக்குள் சுற்றி, எதிர் வீட்டு டீச்சர் பையன் கழுத்தில் கிடந்த மாதிரியே சங்கிலியில் கோத்த ஒரு தகடு இருந்தது. அவன் பெயர், ஒரு எண், அதற்குக் கீழே ரத்த வகை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவளா நான்? தண்ணீர் கம்பெனி டிரைவருக்கு எதற்கு ரத்த வகை? அதே சாக்சுக்குள் சுற்றி, அதே இடத்தில் வைத்துவிட்டேன். அந்தச் சாக்ஸைத் துவைக்கக்கூட இல்லை.

இன்னொரு நாள் கடைத்தெருவில் ஒரு வண்டியின் டயர் வெடித்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என்னைச் சுவரோடு தள்ளி, மேலே கவிந்து நின்றான். அவன் நெஞ்சு அடித்தது என் முதுகில் தெரிந்தது. பிறகு, "டயர்தாம்மா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில், பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அம்மா, என் வேலையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான். "முதல்ல போய் ஜன்னலோரமா இடம் பிடி. பஸ் கிளம்பிடப் போகுது" என்றேன். பஸ் இருபது நிமிடம் கழித்துத்தான் கிளம்பியது. அந்த இருபது நிமிடமும் நான் வாயை மூடவே இல்லை. ஆரஞ்சுப் பழம் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினேன். எங்கள் சூப்பர்வைசர் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். நான் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் அவன், "அம்மா" என்றான். நான் அடுத்ததை ஆரம்பித்தேன். கடைசியில் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "சரிம்மா, சரி" என்று ஏறிவிட்டான்.

அவன் வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சொல்லாதவரை அவன் தண்ணீர் கம்பெனியில் இருந்தான், நான் தூங்கினேன். வாசலில் எட்டுப் பேரை மறித்தேனே, அப்போதும் அதைத்தான் செய்தேன்.

நீ மறைத்தாய். நான் கேட்க மறுத்தேன். பிள்ளை நடுவில் நின்று இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நாலு மாதம் உன்னிடம் பேசாமல் இருந்தது உன்மேல் இருந்த கோபத்தால் மட்டும் இல்லை. பேசினால் இதைச் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான். இதில் உன்னை மன்னிக்க நான் யார்? நீ சாப்பிடுகிறாயா இல்லையா? போனில் உன் குரல் கம்மியிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

நான் வருகிறேன். கம்பெனியில் பத்து நாள் லீவு கேட்டுவிட்டேன். அதிகாரி அம்மா அனுப்பிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விமான நிலையத்தில் நீ அழுது ஊரைக் கூட்டாதே. நேராக அந்தக் கொட்டகைக்கு என்னை அழைத்துக்கொண்டு போ. அந்த ஒட்டகத்தை என் பக்கத்தில் உட்கார வை. கையைக் காட்டியது அவன் தப்பில்லை என்று அம்மாதான் சொல்ல முடியும்.

விழாவில் வாசிக்க வேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் தமிழில் வாசிக்கிறேன், நீ அவர்கள் மொழியில் சொல். ஒரு வரியையும் மாற்றாதே. மாற்றுகிற வேலை நாம் இரண்டு பேரும் செய்தது போதும்.

அக்கா

"இவன் பெயர் உங்களுக்குத் தெரியும். நான் துரை என்று கூப்பிடுவேன். ஒன்பதாவது மாதமே நடந்துவிட்டான். பள்ளிக்கூட பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான், அதற்காக இரண்டு முறை சண்டை போட்டு உதடு கிழிந்து வந்தான். பத்து வயதில் அப்பா இறந்தார். அதன் பிறகு என் முன்னால் அவன் அழவில்லை. நல்ல பிள்ளை என்று பாராட்டினேன். தவறு செய்தேன். பதினைந்து வயதில் என் தம்பியோடு உங்கள் நாட்டுக்கு அனுப்பினேன். பத்தொன்பது வயதிலிருந்து ஐந்து வருடம் அவன் சிப்பாய். தண்ணீர் கொண்டுபோகும் வழியில் இறந்தான். அந்த ஐந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு முறை வந்தான். நான் கேட்கவில்லை. அவனோடு சாப்பிட்டவர்கள், சண்டை போட்டவர்கள், அவன் திட்டை வாங்கியவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் யாருக்கு என்ன தெரியுமோ சொல்லுங்கள். எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்கிறேன்."